"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?": சேவை ஒப்பந்தங்களில் முன்னெச்சரிக்கைக் கடமை

செட்டிநாட்டில் பழைய வீட்டைப் பழுதுபார்க்கும் வேலையில் தகராறு என்று வந்தால், பணத்தை யார் கொடுப்பது என்ற பேச்சுக்கு முன்பே "முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்ற கேள்வி வந்துவிடும். உத்திரம் மக்கியிருப்பதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று வீட்டுக்காரர் மேஸ்திரியைக் கேட்பார். கல்யாணத் தேதியை முன்னுக்கு இழுத்ததை ஏன் சொல்லவில்லை என்று மேஸ்திரி வீட்டுக்காரரைக் கேட்பார். கையெழுத்தான ஒப்பந்தத்தைப் புரட்டினால் வேலை என்ன, தொகை என்ன, எத்தனை தவணை, எந்தத் தேதியில் முடிப்பது எல்லாம் இருக்கும். நடுவில் ஒரு சிக்கல் தெரியவந்தால் யார், யாரிடம், எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது மட்டும் இருக்காது.

இந்த இடைவெளியை நிரப்பவே முன்னெச்சரிக்கைப் பிரிவு. பிரிட்டனின் சிவில் பொறியாளர்கள் நிறுவனம் 1993இல் கொண்டுவந்த என்.இ.சி. (நியூ இன்ஜினியரிங் கான்ட்ராக்ட்) மாதிரி ஒப்பந்தங்கள்தான் இதை ஒரு முறையாக வடித்தவை. 2017இல் வெளிவந்த நான்காம் பதிப்பில் இது 15ஆம் பிரிவு. கட்டுமானத்துக்கு மட்டுமல்லாமல் ஆலோசகர் சேவை, தொடர் பராமரிப்புச் சேவை ஆகியவற்றுக்கான ஒப்பந்தங்களிலும் இருக்கிறது. பராமரிப்புச் சேவை ஒப்பந்தத்தின்படி மூன்று வகை விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்: மொத்தத் தொகையைக் கூட்டக்கூடியவை, சேவையின் கால ஒழுங்கைக் கெடுக்கக்கூடியவை, சேவையின் பயனைக் குறைக்கக்கூடியவை. சேவை தருபவருக்கும், சேவை பெறுபவர் சார்பில் நிற்கும் மேலாளருக்கும் இந்தக் கடமை ஒன்றுதான். தெரியவந்தவுடன் சொல்ல வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, கூட்டிவிட்டது, கெடுத்துவிட்டது என்று ஆன பிறகு சொல்லும் ஏற்பாடு இல்லை இது. கூட்டக்கூடும் என்று தெரிந்தாலே போதும். நம் ஊரில் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். நல்ல மேஸ்திரி என்றால் முழுதாகப் பார்த்து, கணக்குப் போட்டு, உறுதியான பிறகே வாய் திறப்பார். அரைகுறையாகப் பேசக்கூடாது என்ற மரியாதை அது. ஆனால் உறுதியாகும் நாளில் சாரத்தைப் பிரித்திருப்பார்கள், ஆசாரி அடுத்த ஊருக்குப் போயிருப்பார், மழையும் தொடங்கியிருக்கும். அப்போது சொல்லப்படுவது செய்தி. அதைக் கேட்டு எடுக்க முடிவு எதுவும் மிச்சமிருக்காது.

என்.இ.சி. முறையில் எச்சரிக்கை ஒரு பதிவேட்டில் ஏறும். ஒப்பந்தம் தொடங்கிய ஒரு வாரத்துக்குள் முதல் பதிவேடு, இரண்டு வாரத்துக்குள் முதல் கூட்டம். சிக்கலைத் தவிர்க்க அல்லது குறைக்க என்ன வழி, யார் என்ன செய்வது, எந்த வரியை இனி நீக்கலாம் என்பவை மட்டும்தான் கூட்டத்தின் வேலை. ஒரு வாரத்துக்குள் முடிவுகளைப் பதிவேட்டில் ஏற்றி அனுப்ப வேண்டும். யார் தப்பு, யார் பணம் என்ற பேச்சு இந்தக் கூட்டத்துக்குரியதல்ல. இந்தப் பிரிப்பு இல்லாவிட்டால் முழு ஏற்பாடும் படுத்துவிடும். எச்சரிக்கை கொடுப்பது பணம் கேட்பதாகவோ தப்பை ஒப்புக்கொள்வதாகவோ ஆகாது என்ற உறுதி இருந்தால்தான் ஆள் வாய் திறப்பார்.

சொல்லாமல் விட்டால்? உரிமையே போய்விடும் என்று என்.இ.சி. சொல்வதில்லை. அனுபவமுள்ள ஒரு ஒப்பந்தக்காரர் கொடுத்திருக்கக்கூடிய எச்சரிக்கையை இவர் கொடுக்கவில்லை என்றால், கொடுத்திருந்தால் எவ்வளவு செலவாகியிருக்குமோ அந்த அளவுக்கே கூடுதல் தொகையைக் கணக்கிடுவார்கள். சேவை பெறுபவர் தரப்பு சொல்லாமல் விட்டதற்கு இதே அளவு வெளிப்படையான கணக்கு அங்கே இல்லை. அது ஒரு குறை. நம் ஒப்பந்தத்தில் எழுதும்போது இரண்டு பக்கமும் எழுதிக்கொள்வது நல்லது.

ஒரு கற்பனைக் கணக்கு. 18 லட்ச ரூபாய் வேலை. தை மாதக் கல்யாணத்துக்காக ஆகஸ்டில் தொடக்கம். செப்டம்பர் 10 அன்று வளவின் (முற்றத்தைச் சுற்றிய கட்டு) மேற்குத் தாழ்வாரத்தில் மச்சுப் பலகையை எடுத்தபோது, 14 உத்திரங்களில் ஆறின் முனை சுவருக்குள் மக்கியிருப்பது தெரிகிறது. அன்றே சொல்லியிருந்தால், மக்கிய முனையை வெட்டிப் பழைய தேக்கில் ஒட்டுப்போட ஒரு முனைக்கு 14,000 ரூபாய், ஆறுக்கு 84,000. மேஸ்திரி சொல்லாமல் முட்டுக் கொடுத்து ஓடுகளை ஏற்றிவிடுகிறார். நவம்பரில் தொய்வு தெரிகிறது. இப்போது மறுபடி சாரம் கட்ட 35,000, உடைத்த காரையைத் திரும்பப் பூச 48,000, தார்ப்பாயும் சும்மா நின்ற ஆள் கூலியும் 23,000. ஒட்டுப்போடும் செலவோடு மொத்தம் 1,90,000. உத்திரப் பழுது வீட்டுக்காரர் ஏற்க வேண்டியது என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும், மேஸ்திரிக்குச் சேர வேண்டியது 84,000 தான். மீதி 1,06,000 அவர் தலையில். உத்திரமும் சேர்த்தே மொத்தத் தொகை பேசியிருந்தால் 84,000மும் அவர் தலையில்தான். எச்சரித்ததால் அது மாறிவிடாது. எச்சரிக்கை செலவின் அளவைத்தான் குறைக்கும். யார் தலையில் விழும் என்பதை ஒப்பந்தத்தின் வேறு பிரிவுகள் தீர்மானிக்கும்.

மற்ற நாடுகளில் இது சட்டத்திலும் பொது நிபந்தனைகளிலும் வேறு வேறு உருவில் இருக்கிறது. ஜெர்மனியில் கட்டுமான வேலைகளுக்குப் பரவலாகப் பயன்படும் வி.ஓ.பி. நிபந்தனைகளில், வாடிக்கையாளர் சொன்ன முறையோ கொடுத்த பொருளோ சரிவராது என்று தோன்றினால் ஒப்பந்தக்காரர் எழுத்தில், கூடுமானால் வேலை தொடங்கும் முன்பே, தெரிவிக்க வேண்டும். நெதர்லாந்தின் சிவில் சட்டத்திலும் இதற்குத் தனிப் பிரிவு உண்டு. ஐரோப்பிய சட்ட அறிஞர்கள் 2009இல் முடித்த பொது வரைவு இரண்டு பக்கத்தையும் கட்டுகிறது: எதிர்பார்த்த பலன் கிடைக்காமல் போகலாம், வேறு பாதிப்பு வரலாம், செலவோ நாளோ கூடலாம் என்றால் சேவை தருபவர் எச்சரிக்க வேண்டும், பலன் வராது என்று வாடிக்கையாளருக்குத் தெரியவந்தால் அவரும் சொல்ல வேண்டும். ஆலோசகப் பொறியாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிடிக்கின் 2017 கட்டுமான ஒப்பந்தங்களிலும் 8.4ஆம் பிரிவாக இது நுழைந்துவிட்டது.

எவ்வளவு அழுத்திச் சொன்னால் சொன்னதாக ஆகும் என்பதற்கு இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தீர்ப்பான ஒரு வழக்கு நல்ல உதாரணம். எசெக்ஸில் ஃபோர்டு நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் கூரைக்குக் கொடுத்த தற்காலிக முட்டு போதாமல் கூரை சரிந்தது. அந்த முட்டு முறையை வாடிக்கையாளர் தரப்புப் பொறியாளரே சொன்னார். துணை ஒப்பந்தக்காரருக்கு அது போதாது என்று தெரிந்திருந்தது, முணுமுணுக்கவும் செய்தார். ஆனாலும் சொன்னபடி வேலையைச் செய்து முடித்தார். ஆபத்து என்று தெரிந்த பிறகு இன்னும் உறுதியாக எதிர்த்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. முட்டுக் கொடுத்துத் தூணைத் தூக்கும் வேலை காரைக்குடி வட்டாரத்தில் சாதாரணம். "அவங்கதான் அப்படிச் செய்யச் சொன்னாங்க" என்பதை மட்டும் நம்பி இறங்குபவர்கள் இந்த வழக்கை நினைவில் வைக்க வேண்டும்.

நம் சட்டத்தில் என்ன இருக்கிறது

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 'முன்னெச்சரிக்கை' என்ற தலைப்பில் பிரிவு கிடையாது. துண்டு துண்டாகச் சில இடங்களில் இருக்கிறது. 214ஆம் பிரிவு முகவரைப் பற்றியது: சிக்கலான நிலையில் முதலாளியைத் தொடர்புகொண்டு அவருடைய அறிவுறுத்தலைப் பெற முகவர் நியாயமான எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் உரிமையாளர் சார்பில் ஆள் வைத்து, பொருள் வாங்கி, பில் கொடுத்து வேலை நடத்தும் மேற்பார்வையாளருக்கு இது பொருந்தும். மொத்தத் தொகைக்கு வேலை எடுத்த கொத்தனார் முகவராக மாட்டார். அவருக்கு இந்தப் பிரிவு நேரடியாக வராது.

67ஆம் பிரிவு வீட்டுக்காரர் பக்கம். வேலை செய்யத் தேவையான நியாயமான வசதியை அவர் செய்து தராவிட்டால், அதனால் நடக்காமல் போனதற்கு வேலைக்காரர் பொறுப்பில்லை. சட்டமே அங்கே கொடுக்கும் உதாரணம் வீட்டுப் பழுதுதான்: எங்கெல்லாம் பழுதுபார்க்க வேண்டும் என்று காட்ட வீட்டுக்காரர் மறுத்தாலோ அலட்சியம் செய்தாலோ, ஒப்பந்தக்காரர் மீது குற்றமில்லை. 73ஆம் பிரிவின் விளக்கமும் முக்கியம். நஷ்டத்தைக் கணக்கிடும்போது, அதைச் சமாளிக்கக் கையில் இருந்த வழிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். சீக்கிரம் தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தவர் முழு நஷ்டத்தையும் கேட்க முடியாது.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் நேராகப் பேசுகிறது. நுகர்வோருக்குத் தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அதன் வரையறையில் சேவைக் குறைபாடு. சொந்த வீட்டு வேலை என்றால் இது கைகொடுக்கும். அதே வீட்டை விருந்தினர் விடுதியாக மாற்றும் வேலை என்றால் வணிக நோக்கம் என்ற எதிர்வாதம் வரும்.

எழுதும்போது ஒரு எச்சரிக்கை. "இத்தனை நாளுக்குள் தெரிவிக்காவிட்டால் உரிமை கோர முடியாது" என்று வெளிநாட்டு மாதிரிகளிலிருந்து அப்படியே எடுத்து எழுதுகிறார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, 1997 திருத்தத்துக்குப் பிறகு, குறிப்பிட்ட காலம் முடிந்ததும் உரிமையையே அழிக்கும் விதிகளைச் செல்லாது என்கிறது. அப்படி எழுதிய வரி கடைசியில் நிற்குமா என்பதே ஒரு வழக்காகிவிடும். 'சொல்லியிருந்தால் ஆகியிருக்கும் செலவு' என்ற கணக்கில் இந்தத் தொல்லை குறைவு.

வீடு எங்கெங்கே எச்சரிக்கும்

செட்டிநாட்டு வீட்டில் முக்கால்வாசிப் பழுது திறந்த பிறகுதான் தெரியும். சுவருக்குள் புதைந்த உத்திர முனை, ஓட்டுக்கு அடியில் இருக்கும் சட்டம், இரண்டு கூரை சேரும் தண்ணீர்ப் பாதை, கறையான் ஏறிய நிலைக்கால். அதனால் ஒப்பந்தத்தில் 'திறந்து பார்க்கும் நாள்' ஒன்றைத் தனியாக வைக்கலாம். அந்த நாளில் இரு தரப்பும் நின்று, உத்திரத்தைத் தட்டிப் பார்த்து, ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்து, எத்தனை நாட்டு ஓடு திரும்பப் பயன்படும் என்று எண்ணிவிட்டால் பதிவேட்டின் முதல் பக்கம் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு வரும் அதிர்ச்சிகள் குறைவு.

நாள் சார்ந்தவை தனி. சுண்ணாம்பை நீற்றிப் புளிக்கவிட வாரக்கணக்கு வேண்டும். காரை ஒவ்வொரு பூச்சாக ஏறும். முந்தையது இறுகாமல் அடுத்தது ஏறாது. முட்டை வெள்ளைக் கரு சேரும் கடைசிப் பூச்சை ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் போட்டால் பளபளப்பு நிற்காது. ஆக, செப்டம்பரில் பத்து நாள் நழுவுவது டிசம்பரில் பத்து நாளாக நிற்காது. வடகிழக்குப் பருவமழை முடியும் வரை தள்ளிப்போகலாம். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லும் அப்படித்தான். கண்ணாடி மேல் கையால் வார்த்து, நாள்கணக்கில் தண்ணீரில் போட்டு, உலர்த்தி எடுப்பது. பழைய பூவேலைக்கு அச்சு புதிதாக வெட்ட வேண்டுமானால் இன்னும் கூடும். உடைந்த கல் எத்தனை என்று கடைசி மாதத்தில் எண்ணுவதில் பயனில்லை.

வாடிக்கையாளரின் ஆசையே சிக்கலாகும் இடமும் உண்டு. செலவு குறையும் என்று சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசச் சொல்வார்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு உப்பி, சில மழைக்காலத்தில் தகடாகப் பெயர்ந்து, பழைய காரையையும் சேர்த்து இழுத்துவரும். கேட்டதைச் செய்தேன் என்பது மேஸ்திரிக்குப் பாதுகாப்பாகாது. இதை எழுத்தில் சொல்லிவிட்டு, பிறகும் வேண்டும் என்றால் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு செய்ய வேண்டும். உயிருக்கு ஆபத்து என்ற வகையாக இருந்தால் பதில் வாங்கினாலும் செய்யக்கூடாது.

யாரிடம் சொன்னால் சொன்னதாகும்

இந்த ஊருக்கே உரிய கேள்வி இதுதான். ஒரு வீட்டுக்குப் பத்து இருபது பங்காளிகள் இருப்பார்கள். ஒருவர் சென்னை, ஒருவர் கோலாலம்பூர், சாவி வைத்திருப்பவர் பக்கத்துத் தெரு. வளவைச் சுற்றிய அறைகள் தனித்தனிப் பங்கு; முகப்பும் கூரையும் முற்றமும் பொது. அறைக்குள் வரும் செலவை அந்தப் பங்காளி முடிவெடுக்கலாம்; கூரைக்கு எல்லாரும் தலையசைக்க வேண்டும். வேலைக்காரர் ஊரில் இருக்கும் ஆச்சியிடம் சொல்லியிருப்பார். ஆச்சி "சரிப்பா, பார்த்துச் செய்" என்றிருப்பார். மூன்று மாதம் கழித்து மலேசியாவில் இருப்பவர் "எனக்கு யாரும் சொல்லலையே" என்பார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

தீர்வு எளிது, ஆனால் முதல் நாளே செய்ய வேண்டும். எச்சரிக்கையைப் பெற ஒரு பங்காளியின் பெயர், அவர் இல்லாதபோது இன்னொருவர் பெயர். அவர்கள் தனியாக ஒப்புக்கொள்ளக்கூடிய தொகை, உதாரணமாக 50,000 வரை. அதற்கு மேல் போனால் மற்றவர்களைக் கேட்டுப் பதில் சொல்ல எத்தனை நாள். மூன்று நாளுக்குள் பதில் வராவிட்டால், பாதுகாப்புக்கான முட்டு, தார்ப்பாய் போன்றவற்றை மட்டும் வேலைக்காரர் செய்துகொள்ளலாம், அதற்கான பணம் சேரும் என்ற வரி. பங்காளிகள் பக்கமும் எச்சரிக்க வேண்டியவை நிறைய உண்டு: தேதி மாற்றம், வெளிநாட்டுப் பணம் தாமதமாகும் என்ற செய்தி, ஒரு பங்காளி ஆட்சேபிக்கிறார் என்ற செய்தி, நடுவில் படைப்பு (முன்னோர் வழிபாடு) வைக்கப் போவதால் இரண்டாங்கட்டைக் காலிசெய்து தர வேண்டும் என்பது. குடும்ப விஷயத்தை மேஸ்திரியிடம் எதற்குச் சொல்வது என்று மூடி வைப்பதில்தான் நாள் போகிறது.

எழுதும் முறை

ஒரு எச்சரிக்கையில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

"முன்னெச்சரிக்கை எண் 4. செப்டம்பர் 10. இடம்: வளவு, மேற்குத் தாழ்வாரம். பார்த்தது: 14 உத்திரங்களில் 6இன் சுவர் முனை மக்கியுள்ளது, ஸ்க்ரூ டிரைவர் இரண்டு அங்குலம் இறங்குகிறது, படம் இணைப்பு. என்ன ஆகலாம்: ஓடு ஏற்றினால் தொய்யலாம், இப்போது சரிசெய்தால் சுமார் 8 நாள் கூடும், பூச்சுக்குப் பிறகு என்றால் அதைவிட அதிகம், செலவு பிறகு தருகிறோம். செய்திருப்பது: ஆறு இடத்திலும் முட்டு. தேவைப்படும் முடிவு: ஒட்டா, முழு உத்திரமா. கடைசி நாள்: செப்டம்பர் 14, அதன் பிறகு ஆசாரி வேறு வேலைக்குப் போகிறார்."

செலவு தெரியவில்லை என்று எழுதலாம். அதற்காக நிறுத்தி வைக்கக்கூடாது. கடைசி நாளை எழுதாமல் விடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. அது இல்லாவிட்டால் பெறுபவருக்கு அவசரம் புரியாது. பழைய தேக்கு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலோ, பிரித்த வீட்டிலிருந்தோ கிடைக்கலாம். தேடவே நாள் வேண்டும் என்பதையும் ஒரு வரியில் சேர்த்தால் நல்லது.

வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா? அனுப்பலாம். இருபத்தைந்து படமும் காலை வணக்கமும் ஓடும் குடும்பக் குழுவில் அனுப்பக்கூடாது. எச்சரிக்கைக்கு மட்டும் ஒரு குழு, ஒரு செய்தியில் ஒரே விஷயம். என்.இ.சி.யும் அறிவிப்பை மற்றத் தகவலோடு கலக்காமல் தனியாகத்தான் அனுப்பச் சொல்கிறது. குரல் பதிவாகச் சொன்னால் அன்றே எழுத்திலும் போட வேண்டும். வழக்கு என்று போனால் 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதீய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும். போனை மாற்றும்போது உரையாடலைத் தொலைத்துவிடுவது அங்கே பெரிய நஷ்டம்.

எதிர்த் திசையிலும் கெட்டுப்போகும். சில ஒப்பந்தக்காரர்கள் தற்காப்புக்காக மேகம் கறுத்தாலும் ஒன்று, மணல் விலை ஏறினாலும் ஒன்று என்று அனுப்பித் தள்ளுவார்கள். நாற்பது எச்சரிக்கைக்கு நடுவில் உத்திரம் காணாமல் போகும். 20,000 ரூபாய்க்கோ மூன்று நாளுக்கோ குறைவானது பதிவேட்டுக்கு வேண்டாம், பாதுகாப்பு விஷயம் மட்டும் எவ்வளவு சிறிதானாலும் வேண்டும் என்று ஒரு வரம்பு வைத்தால் அடங்கும். வாராந்தரக் கூட்டம் அரைமணி நேரம் போதும், சாரத்துக்கு அடியிலேயே நின்று பேசலாம்.

கல்யாணச் சமையல் ஒப்பந்தத்துக்கும் இதே சட்டகம், சிறிய அளவில். இலைக் கணக்கு பத்து சதவீதத்துக்கு மேல் மாறினால் வீட்டுக்காரர் ஏழு நாள் முன்பு சொல்வது. தலைமைச் சமையல்காரர் வர முடியாமல் போகலாம் என்றாலோ, வீட்டு அடுப்படியில் அத்தனை பேருக்குச் சமைக்க முடியாது என்று தோன்றினாலோ ஒப்பந்தக்காரர் அன்றே சொல்வது. ஜெனரேட்டர், லிப்ட், மோட்டார் பராமரிப்பு ஒப்பந்தங்களில் உதிரிபாகம் நின்றுபோவதுதான் முதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

கடைசி பில் வரும்போது பதிவேட்டில் மூடாத வரிகள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் எதிரே முடிந்தது, தொகையில் சேர்ந்தது, இன்னும் பேச வேண்டியது என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இதில் வீட்டுக்காரர்கள் தவறவிடும் ஒரு விஷயம் ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவில் இருக்கிறது. காலக்கெடு இன்றியமையாதது என்று போட்ட ஒப்பந்தத்தில், வேலையைத் தாமதமாக ஏற்றுக்கொள்ளும்போது, தாமதத்துக்கு இழப்பீடு கேட்பேன் என்று அந்த நேரத்திலேயே தெரிவிக்காவிட்டால் பிறகு கேட்க முடியாது. சாவியை வாங்கும் தாளிலேயே அந்த வரியை எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.